ஆடு தலையாட்டினால்தான் ஆளுக்கு! - பூஜப்புரை அரண்மனையில் பிறந்த இதய வால்வு

பூஜப்புரை என்றதும் திருவனந்தபுரம்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது மத்தியச் சிறை. ஆட்டோக்காரரிடம் "பூஜப்புரை" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தால், ஒரு மாதிரி திரும்பிப் பார்ப்பார். அடுத்துப் பிரபலம், சரஸ்வதி மண்டபம். நம் கன்னியாகுமரி மாவட்டத்து வேளிமலை முருகன் நவராத்திரிக்காகத் திருவனந்தபுரம் வரை போய், விஜயதசமி அன்று வெள்ளிக்குதிரையில் வந்து இறங்கும் இடம். சிறைக்கும் மண்டபத்துக்கும் அடுத்து, மூன்றாவதாக ஓர் இடம் இருக்கிறது. மரங்கள் அடர்ந்த மேட்டில் பழைய அரண்மனை ஒன்று. வாசல் பலகையை நின்று படித்தால்தான் உள்ளே என்ன நடக்கிறது என்பதே புரியும்.

ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தின் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு. பெயர் நீளம்தான். ஊர்க்காரர்களுக்கு எல்லாமே 'ஸ்ரீசித்ரா'. ஆஸ்பத்திரி மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருக்கிறது. அது எல்லோருக்கும் தெரியும். நகரத்தின் இன்னொரு முனையில், இந்த அரண்மனையில் இருக்கும் பாதியைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை.

மனித உடம்புக்குள் வைக்கப்போகும் ஒரு கருவியை, மனிதரிடம் கொண்டு போவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்கும் இடம் இது. 'ப்ரீ-கிளினிக்கல்' என்பார்கள். இந்தியாவின் முதல் சொந்த இதய வால்வு இங்கே உருவானதுதான். அந்த வால்வு மூன்று தடவை தோற்று, நாலாவது தடவை ஜெயித்தது. அந்தக் கதையின் தடம் தேடித்தான் இந்தப் பயணம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது சுற்றுலாத் தலம் அல்ல. டிக்கெட் எடுத்துச் சுற்றிப் பார்க்கும் அரண்மனையும் அல்ல. நான் நின்றது வாசலில்தான். ஆட்டுத் தொழுவத்துக்குள் நுழைந்து செல்ஃபி எடுத்தேன் என்று கதைவிட மாட்டேன்!

பெரியம்மாவின் அரண்மனை

இந்த இடத்தின் பெயர் சாடல்மண்ட் அரண்மனை. இங்கே வாழ்ந்தவர் சேது லட்சுமி பாயி. ஓவியர் ரவி வர்மாவின் பேத்தி. 1924-ல் திருவிதாங்கூர் மகாராஜா மறைந்தபோது வாரிசான சித்திரைத் திருநாள் சிறுவனாக இருந்தார். அதனால் 1931 வரை ராஜப் பிரதிநிதியாக நாட்டை ஆண்டவர் இவர். சித்திரைத் திருநாளுக்குப் பெரியம்மா முறை. இந்த இரண்டு குடும்பங்களுக்கும் நடுவில் இருந்த உரசல்கள் பற்றிப் புத்தகமே வந்திருக்கிறது. கடைசியில் பார்த்தால், தம்பி... மன்னிக்கவும், தங்கை மகன் பெயரில் அமைந்த நிறுவனம் பெரியம்மாவின் அரண்மனையில் இயங்குகிறது. நம் வீடுகளில் நடக்கும் சொத்துக் கதைகள் இதற்கு முன் எம்மாத்திரம்!

சேது லட்சுமி பாயி பற்றி இன்னொரு தகவல் படித்தபோது கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டேன். திருவிதாங்கூர் கோயில்களில் மிருக பலியை நிறுத்தியவர் அவர். ஆடு வெட்டக் கூடாது என்று உத்தரவு போட்ட அதே மகாராணியின் அரண்மனை வளாகத்தில்தான், பிற்காலத்தில் செம்மறி ஆடுகளின் இதயத்தில் வால்வு வைத்துப் பார்த்தார்கள். இது சரியா, தப்பா? இந்தக் கட்டுரை முழுக்க என்னை விடாமல் துரத்திய கேள்வி. நான் ஆட்டுக்கறி சாப்பிடுகிறவள். அதனால் தீர்ப்பு சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு இருக்கிறது என்று தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் இருந்த ஒரு பல மாடிக் கட்டடத்தை மக்களுக்காகக் கேரள அரசிடம் கொடுத்தது. அப்போது முதலமைச்சர் சி. அச்சுத மேனன். கட்டடம் இருக்கிறது, அதை வைத்து என்ன செய்வது? சாதாரணமாக என்றால் இன்னொரு ஆஸ்பத்திரி, ரிப்பன் வெட்டு, அவ்வளவுதான். அச்சுத மேனன் நாற்பது வயதுகூட ஆகாத ஓர் இதய அறுவை சிகிச்சை நிபுணரைக் கூப்பிட்டார். மாவேலிக்கரைக்காரர். பெயர் எம்.எஸ். வலியத்தான்.

திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜில் படிப்பு, பிறகு இங்கிலாந்து, பிறகு அமெரிக்கா. அங்கே ஜார்ஜ்டவுனில் சார்லஸ் ஹஃப்நாகல் என்ற நிபுணரிடம் பயிற்சி. மனித உடம்புக்குள் செயற்கை வால்வை முதன்முதலில் வைத்தவர் என்று மருத்துவ வரலாறு சொல்லும் ஆள் அவர். அப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்தவரிடம் வெறும் ஆஸ்பத்திரியை நடத்தச் சொன்னால் சும்மா இருப்பாரா? ஆஸ்பத்திரி 1976-ல் திறந்தது. பின்னாலேயே பூஜப்புரை அரண்மனையில் பொறியாளர்களும் வேதியியலாளர்களும் கால்நடை மருத்துவர்களும் வந்து சேர்ந்தார்கள். நோயாளியைப் பார்க்கும் டாக்டரும், கருவி செய்யும் இன்ஜினீயரும், ஆட்டுக்கு நாடி பார்க்கும் கால்நடை மருத்துவரும் ஒரே இயக்குநரின் கீழ்! 1980-ல் நாடாளுமன்றச் சட்டம் மூலம் இது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. சுகாதாரத் துறையின் கீழ் அல்ல. அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கீழ். இந்தச் சின்ன விஷயத்திலேயே அவர்கள் நோக்கம் தெரிகிறது.

தொண்டைவலியில் தொடங்கும் கதை

வால்வுக்கு இவ்வளவு அவசரம் என்ன? இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறுவனின் தொண்டையிலிருந்து தொடங்க வேண்டும்.

நெரிசலான வீடு, பள்ளிக்கூடம் போகும் வயசு. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் தொண்டைவலி வருகிறது. கஷாயம் வைத்துக் கொடுத்து விட்டுவிடுகிறார்கள். சில பிள்ளைகளுக்கு, கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பின் சொந்தப் படையே மூட்டுகளையும் இதயத்தையும் தாக்க ஆரம்பிக்கிறது. ருமாட்டிக் காய்ச்சல். மூட்டுவலி சில வாரத்தில் போய்விடும். இதய வால்வில் விழுந்த தழும்பு போகாது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து, கல்யாணமாகி முதல் பிரசவத்துக்கு வரும் பெண்ணுக்கு மூச்சு வாங்கும்போதுதான் விஷயம் வெளியே வரும். பென்சிலினால் தடுக்கக்கூடிய நோய் இது. ஏழை வீடுகளைத் தேடிப் போகும் நோயும் இதுதான்.

கெட்டுப்போன வால்வுக்கு மாற்று, இறக்குமதி வால்வு. எழுபதுகளில் அதன் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம். அறுவை சிகிச்சை செய்யத் தெரிந்த டாக்டர் இருக்கிறார், படுக்கை இருக்கிறது, வால்வு மட்டும் இல்லை. வலியத்தான் போன்றவர்கள் தினம் தினம் பார்த்தது இதைத்தான்.

'நாமே செய்வோம்' என்று சொல்வது சுலபம். இந்தக் கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 72 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு 1,03,680. ஒரு வருடத்துக்கு 3.78 கோடி. பத்து வருடத்தில் 38 கோடி தடவை அந்த வால்வு திறந்து மூட வேண்டும். உங்கள் வீட்டுக் கதவின் கீல் எத்தனை தடவை தாங்கும்? மழைக்காலத்தில் சர்வீஸுக்கு ஆள் கூப்பிடலாம். இதயத்துக்குள் எண்ணெய் போட ஆள் போக முடியாது.

அவர்கள் எடுத்துக்கொண்டது 'சாயும் தட்டு' வகை வால்வு. அமைப்பு எளிமையானது. ஓர் உலோக வளையம். நடுவில் வட்டமான தட்டு. தட்டு வெளியே ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ள வளையத்திலிருந்து நீளும் கம்பிகள். ரத்தம் தள்ளும்போது தட்டு கதவு போலச் சாய்ந்து வழிவிடும். திரும்பி வரப் பார்க்கும்போது மூடிக்கொள்ளும். வளையத்தைச் சுற்றிப் பாலியெஸ்டர் துணி. அதில்தான் தையல் போட்டு இதயத்தோடு இணைப்பார்கள். ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத்தான் மொத்த சமாசாரமும்.

பொறியியல் பக்கத்துக்கு ஜி.எஸ். புவனேஸ்வர் தலைமை. முதல் வடிவம் தோற்றது. இரண்டாவதும் தோற்றது. மூன்றாவதும்.

தோல்விக்கான காரணங்கள் ஒவ்வொரு தடவையும் வேறு. தட்டுக்குச் சஃபையர் போட்டுப் பார்த்தார்கள். விலை உயர்ந்த கைக்கடிகாரங்களின் கண்ணாடிக்குப் பயன்படுவது, கீறலே விழாது. ஆனால், தட்டு தேயாவிட்டால் அதோடு உரசும் உலோகம் தேய ஆரம்பிக்கும். வெல்டிங் வைத்துப் பொருத்திய கம்பிகள் இன்னொரு தலைவலி. வெல்டிங் வைத்த இடம் எப்போதும் பலவீனமான இடம். கோடிக்கணக்கான அடி வாங்கினால் விரிசல் விடும். மேஜை மேல் நன்றாக ஓடிய வால்வு, ஆட்டின் உடம்புக்குள் போன பிறகு முறிந்ததும் உண்டு.

ஆட்டின் நெஞ்சில் முறிந்தது என்று வாசிக்கும்போது சாதாரணமாகத் தெரியலாம். அது யாருடைய நெஞ்சில் முறிந்திருக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

அதே காலத்தில், கடல் தாண்டி அதுதான் நடந்துகொண்டிருந்தது. சுவீடன் நிபுணர் வைக்கிங் பியோர்க் பெயரோடு, அமெரிக்காவின் ஷைலி நிறுவனம் தயாரித்த ஒரு சாயும் தட்டு வால்வு 1979-ல் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. முந்தைய வடிவத்தைவிட நன்றாக ரத்தம் பாயும் என்று சொல்லி விற்ற புதிய மாடல். உலகம் முழுக்கச் சுமார் 86,000 பேர் நெஞ்சில் போனது. அதில் ஒரு கம்பி வெல்டிங் வைத்து இணைக்கப்பட்டது. சிலருக்கு அந்தக் கம்பி முறிந்தது. முறிந்தால் தட்டு கழன்று ரத்தத்தோடு போய்விடும். நோயாளிக்கு மிஞ்சுவது சில நிமிடங்கள், அதிகம் போனால் சில மணி நேரம். 1986-ல் சந்தையிலிருந்து எடுத்தார்கள். முறிவுகள் 600-ஐத் தாண்டின. மிச்சமிருந்த ஆயிரக்கணக்கானவர்கள், 'என்னுடையது எப்போது?' என்ற கேள்வியோடு தூங்கப் போனார்கள். அதை எடுத்துவிட்டு வேறு வைப்பதும் ஆபத்து. வைத்துக்கொண்டு இருப்பதும் ஆபத்து.

பணக்கார நாடு, பெரிய நிறுவனம், பேர்போன நிபுணர். எல்லாம் இருந்தும் நடந்தது அது. பூஜப்புரையில் முறிந்தவை ஆட்டோடு நின்றன. என் பார்வையில் இந்த நிறுவனத்தின் பெரிய சாதனை நாலாவது வால்வு ஜெயித்தது அல்ல. முதல் மூன்றையும் மனிதரிடம் போக விடாமல் நிறுத்தியதுதான். இதற்கு விருது கொடுக்க மாட்டார்கள். நடக்காத மரணங்களை யார் எண்ணுவது?

ஆடு ஏன்?

நாய் இல்லையா, குரங்கு இல்லையா, ஆடு எதற்கு? எனக்கும் இதே சந்தேகம் இருந்தது. வளர்ந்த செம்மறி ஆட்டின் எடையும் இதயத்தின் அளவும் மனிதருக்கு நெருக்கமாக இருக்கின்றன. மனிதருக்கு வைக்கும் அதே அளவு வால்வை அப்படியே பொருத்தலாம். பன்றியும் இதயத்தில் நமக்கு நெருக்கம்தான். ஆனால், அது மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். இன்று பொருத்திய வால்வு நாலு மாதத்தில் சின்னதாகிவிடும். செம்மறி ஆடு சாதுவானதும்கூட.

ஆனால், ஆட்டுக்கு மயக்க மருந்து கொடுப்பது லேசு அல்ல. நாலு அறை கொண்ட வயிறு. படுக்க வைத்தால் உள்ளே இருக்கும் புல்லும் தண்ணீரும் திரும்பி வந்து மூச்சுக்குழாயை அடைத்துவிடலாம். முன்கூட்டியே தீவனத்தை நிறுத்த வேண்டும். ஆபரேஷன் முடியும் வரை வயிற்றில் சேரும் காற்றையும் வெளியேற்ற வேண்டும். இதயத்தை நிறுத்தி, இதய-நுரையீரல் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுழல விட்டு, வால்வை மாற்றி, மறுபடி இதயத்தைத் துடிக்க வைக்க வேண்டும். மனிதருக்குச் செய்யும் அத்தனையும்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. ஆடு வலியைக் காட்டிக்கொள்ளாது. ஓநாய்க்குப் பயந்தே வாழ்ந்த இனம்; பலவீனத்தைக் காட்டினால் முதல் இரை தானே என்பது அதன் ரத்தத்தில் ஊறியது. மானிட்டர் நல்ல எண்ணைக் காட்டும்போதே ஆட்டின் நிலைமை மோசமாகிக்கொண்டிருக்கலாம். அனுபவமுள்ள பராமரிப்பாளர் ஒன்றைக் கவனிப்பார்: அசைபோடுகிறதா? அசைபோட ஆரம்பித்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. காது எப்படித் தொங்குகிறது, கூட்டத்தோடு சேருகிறதா, ஒதுங்கி நிற்கிறதா... தனியாக அடைத்து வைத்தாலும் ஆடு பயந்துவிடும். கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இன்னோர் ஆடு வேண்டும். கிராமத்தில் ஆடு மேய்த்த ஒருவருக்குத் தெரிந்த இந்த விஷயங்கள், விஞ்ஞானியின் குறிப்பேட்டில் ஏற வேண்டும். 'நிபுணத்துவம்' என்ற சொல்லுக்கு நாம் கோட் போட்டவர் படத்தை மட்டும்தான் மனசில் மாட்டி வைத்திருக்கிறோம்.

ஆய்வு முடிந்ததும் ஆட்டின் உடலைத் திறந்து பார்ப்பார்கள். முதலில் வால்வு. அடுத்து, எதிர்பாராத இடம்: சிறுநீரகம். வால்வில் சின்னச் சின்ன ரத்தக் கட்டிகள் உண்டாகி உதிர்ந்திருந்தால், அவை ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் அடைத்துத் தழும்பு வைத்திருக்கும். வால்வு பளபளவென்று இருந்தாலும் சிறுநீரகம் பொய் சொல்லாது.

ஆட்டுக்கு முன்னாலும் பல படிகள் உண்டு. கருவியின் மூலப்பொருளைக் கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள் மீது வைத்து அவை சாகின்றனவா என்று பார்ப்பது, ரத்தத்தில் நனைத்துச் சிவப்பணுக்கள் உடைகின்றனவா என்று பார்ப்பது என்று ஐ.எஸ்.ஓ. 10993 என்ற சர்வதேசத் தரவரிசை பட்டியலே போட்டிருக்கிறது. அங்கேயே கழிந்துவிட்டால் எந்த விலங்கையும் தொட வேண்டியதில்லை. இந்தியாவில் விலங்குகளை வைத்துச் சோதனை செய்ய 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த குழுவில் பதிவு செய்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஆய்வையும், நிறுவனத்துக்கு வெளியிலிருந்து வரும் உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்கும் நெறிமுறைக் குழு அனுமதிக்க வேண்டும். 'வேறு வழி இருக்கிறதா? எண்ணிக்கையைக் குறைக்க முடியுமா? வலியைக் குறைக்க முடியுமா?' - இந்த மூன்று கேள்விகளும் 1959-லிருந்து உலகம் முழுக்கக் கேட்கப்படுகின்றன.

'வேண்டாம்' என்று சொல்பவர் யார்?

இந்த மாதிரி நிறுவனங்களில் தலைவருக்கு இருக்கும் வேலை விசித்திரமானது. கருவி ஜெயிக்க வேண்டும் என்று எல்லோரையும்விட அதிகம் ஆசைப்படுபவர் அவர்தான். கருவியைத் தோற்கடிக்க முயலும் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்துப் பாதுகாக்க வேண்டியவரும் அவர்தான்.

ஒரு பழைய அமெரிக்கக் கதை. இண்டஸ்ட்ரியல் பயோ-டெஸ்ட் என்று சிகாகோ அருகே ஒரு சோதனைக்கூடம். மருந்து, பூச்சிக்கொல்லி நிறுவனங்கள் தங்கள் பொருளை எலிகளில் சோதிக்க இங்கே அனுப்பும். எழுபதுகளில் அரசு அதிகாரிகள் போய்ப் பதிவேட்டைப் புரட்டினால், செத்த எலிகளை எடுக்கவே இல்லை. 'மிகவும் அழுகிவிட்டது' என்பதற்குச் சுருக்கெழுத்து வைத்திருந்தார்கள்! எண்களெல்லாம் கற்பனை. 1983-ல் அதிகாரிகள் சிலருக்குத் தண்டனை கிடைத்தது. இந்த அசிங்கத்துக்குப் பிறகுதான் 'நல்ல ஆய்வக நடைமுறை' என்ற விதிகள் வந்தன. அதன்படி ஒவ்வொரு ஆய்வுக்கும் ஒரே ஒரு பொறுப்பாளர், 'ஸ்டடி டைரக்டர்'. தவறு நடந்தால் 'குழு' என்று கைகாட்ட முடியாது. அவர் வேலையைத் தர உறுதிப் பிரிவு தனியாகக் கண்காணிக்கும். அந்தப் பிரிவு அவருக்குக் கீழே வேலை செய்யாது, நேராக நிர்வாகத்திடம் போகும். நம் ஊர் வீட்டு விசேஷத்தில் சமையல்காரரையே ருசி பார்க்கச் சொல்லாமல், ஒரு கறாரான அத்தையை அடுப்படிக்கு அனுப்புவோமே, அது மாதிரி.

வலியத்தான் காலத்தில் இந்த விதிகளெல்லாம் இந்தியாவுக்கு இந்த வடிவத்தில் வந்திருக்கவில்லை. ஆனாலும், மூன்று தடவை தோற்ற திட்டத்தை அவர் மூடவில்லை. அவசரப்பட்டு மூன்றாவதையே ஒப்பேற்றவும் இல்லை. இரண்டும் கஷ்டம்தான் என்றாலும், இரண்டாவதுதான் அதிகக் கஷ்டம் என்று நினைக்கிறேன். அரசுப் பணம், பத்து வருடத்துக்கு மேல் ஓடிய திட்டம், வரிசையில் காத்திருக்கும் நோயாளிகள். ஆட்டின் அறிக்கையை மேஜை மேல் வைத்துக்கொண்டு 'மறுபடி முதலிலிருந்து' என்று சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும்.

நாலாவது வடிவத்தில் வெல்டிங்கே இல்லை. ஜெட் என்ஜின்களில் பயன்படும் கோபால்ட் கலப்பு உலோகத்தின் ஒரே கட்டியிலிருந்து வளையத்தையும் கம்பிகளையும் சேர்த்தே கடைந்தெடுத்தார்கள். ஒட்டு இல்லை என்றால் ஒட்டு விடுவதும் இல்லை. தட்டுக்குச் சஃபையருக்குப் பதில், செயற்கை இடுப்பு மூட்டுகளில் பயன்படும் ஒரு வகைப் பாலிஎத்திலீன். கேட்கும்போது மட்டமான மாற்று மாதிரி இருக்கும், ரத்தினத்தை எடுத்துவிட்டு பிளாஸ்டிக்! ஆனால், அது மெத்தென்று மூடும், உலோகத்தைத் தேய்க்காது, சத்தமும் குறைவு. வேகமாகத் திறந்து மூட வைக்கும் இயந்திரத்தில் மாதக்கணக்கில் ஓட்டினார்கள். நொடிக்கு 15 தடவை ஓட்டினால், பத்து வருடத் துடிப்பை முடிக்கப் பத்து மாதம் போதும். தேய்மானக் கணக்குப்படி 50 வருடத்துக்கு மேல் தாங்கும் என்று வந்தது. ஆடுகள் பிழைத்தன. எடை கூடியது.

1990 டிசம்பரில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். அப்போதும் உடனே கடைக்கு வரவில்லை. ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளுக்குப் பொருத்தி, 1995 வரை கவனித்தார்கள். தயாரிப்பை எடுத்துக்கொண்டது நம் சென்னையின் டி.டி.கே. குழுமம், 'டி.டி.கே. சித்ரா' என்று பெயர். குக்கர் கம்பெனிக்காரர்களுக்கு இதய வால்வு எதற்கு என்று அன்று பலர் கேட்டிருப்பார்கள். இறக்குமதி வால்வைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் வந்த அந்த வால்வு, இன்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நெஞ்சுக்குள் போயிருக்கிறது. இதே அரண்மனையிலிருந்து கிளம்பிய இன்னொரு பொருள், ரத்தம் சேகரிக்கும் பிளாஸ்டிக் பை. கண்ணாடி பாட்டிலில் ரத்தம் பிடித்த காலத்தை மாற்றியது அது. நீங்கள் ரத்த தானம் செய்தவர் என்றால் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்.

பஸ் ஸ்டாப்பில் ஓர் அட்டை

பூஜப்புரையிலிருந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போனேன். கேரளத் தலைநகரம் என்பதே மறந்துபோகும் அளவுக்குக் காதில் தமிழ் விழுகிறது. நாகர்கோவில், மார்த்தாண்டம், திருநெல்வேலி, தூத்துக்குடி. 1956 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியில்தான் இருந்தது. எல்லைக்கோடு மாறினாலும் நெஞ்சுவலிக்கு வண்டி ஏறும் திசை மாறவில்லை. நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். சென்னையைவிட எவ்வளவோ பக்கம்.

பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா, "மக்களே, நாரோல் பஸ் இங்க நிக்குமா?" என்று கேட்டுப் பேச்சைத் தொடங்கினார். பரிசோதனைக்கு வந்துவிட்டுத் திரும்புகிறார். பல வருடத்துக்கு முன்னால் வால்வு மாற்றியவர். பர்ஸிலிருந்து மடித்து மடித்து ஓரம் நைந்த ஓர் அட்டையை எடுத்துக் காட்டினார். வால்வின் பெயர், அளவு, எண். சித்ரா வால்வுதான். ராத்திரி அமைதியாக இருக்கும்போது லேசாக ஒரு சத்தம் கேட்குமாம். பேரன் காதை வைத்துக் கேட்டுவிட்டு, ஆச்சிக்குள் வாட்ச் இருக்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருக்கிறானாம்.

வால்வு வைத்ததோடு எல்லாம் முடியாது. ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை, ஆயுசுக்கும். ஐ.என்.ஆர். என்று ரத்தப் பரிசோதனை தவறக் கூடாது. கீரையை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று சாப்பிடக் கூடாது. மாத்திரையின் வேலை குழம்பிவிடும். பல் பிடுங்கப் போனால்கூட அட்டையைக் காட்ட வேண்டும். அந்த அம்மா இதையெல்லாம் ஒரு டாக்டரைவிடத் தெளிவாகச் சொன்னார். ஆடுகள் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. எத்தனை ஆடு என்று மட்டும் கேட்டார். அதற்குள் பஸ் வந்துவிட்டது.

வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று, 90 வயதில், மணிப்பாலில் காலமானார். இருபது வருடம் ஸ்ரீசித்ராவை நடத்தியவர், பிறகு மணிப்பால் பல்கலைக்கழகத் துணைவேந்தரானார். கடைசிக் காலத்தில் சரகர், சுஸ்ருதர் என்று ஆயுர்வேத மூல நூல்களில் மூழ்கிவிட்டார். 2017-ல் இந்தியாவுக்கென்று மருத்துவக் கருவி விதிகள் தனியாக வந்தன. 2018 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கின்றன. முன்பு ஒரு சிலரின் மனசாட்சியில் நடந்த வேலை, இப்போது படிவங்களிலும் கையெழுத்துகளிலும் நடக்கிறது. படிவம் மனசாட்சிக்கு ஈடாகுமா என்று கேட்டால், எனக்குச் சந்தேகம்தான். ஆனால், மனசாட்சியை மட்டும் நம்பிய சோதனைக்கூடங்கள் என்ன ஆயின என்பதையும் சிகாகோ கதையில் பார்த்துவிட்டோம்.

பூஜப்புரை போக நினைப்பவர்களுக்கு: திருவனந்தபுரம் சென்ட்ரலில் இறங்கினால் ஆட்டோவிலேயே போய்விடலாம். அரண்மனைக்குள் முன் அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. மண்டபத்துக்கு விஜயதசமி அன்று போங்கள். வேளிமலை முருகன் வந்திருப்பார், பிள்ளைகள் அரிசியில் முதல் எழுத்து எழுதிக்கொண்டிருப்பார்கள், கூட்டம் சாலை வரை நிற்கும். ஊருக்கே விடுமுறையான அந்த நாளிலும், மேட்டில் இருக்கும் அந்த வளாகத்தில் ஆடுகளுக்குத் தீவனம் வைக்கவும், அசைபோடுகின்றனவா என்று பார்க்கவும் யாரோ ஒருவர் டியூட்டிக்கு வந்திருப்பார்.